மேலே ஒருவர், கீழே ஒருவர்

லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் தனியாகப் போவதில்லை. ஒருவர் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் ஓடும் குழியின் அடியில் இறங்குவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். "நிறுத்திட்டேன்" என்று மேலிருந்து சத்தம் வந்த பிறகுதான் கீழே இருப்பவர் குழிக்குள் காலை வைப்பார். "வெளிய வந்துட்டேன்" என்று கீழிருந்து சத்தம் வந்த பிறகுதான் மேலே இருப்பவர் சுவிட்சைத் தொடுவார்.

கல்யாணமான புதிதில் என் கணவர் இதைச் சொன்னபோது, "நம்மளை விட நெருக்கமால்ல இருக்கு" என்று நான் கேலி செய்தேன்.

"நீ கோபப்பட்டா நான் பட்டினி கிடப்பேன். நான் கோபப்பட்டா அவன் சட்னிதான்" என்றார்.

அவருடைய ஜோடியின் பெயர் மின்னல். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கம்பெனியில் யாருக்கும் அது நினைவில்லை. ஒரு திருகாணியைக் கழற்ற அரை நாள் எடுத்துக்கொள்வான் என்பதால் வைத்த பெயர். அவனுக்கு அதில் வருத்தமே கிடையாது. "மின்னல்னா எப்பவாவதுதானே அண்ணி வெட்டும்" என்பான். என் கணவர் எப்போதும் மேலே, மின்னல் எப்போதும் கீழே. பல வருடங்களாக அப்படித்தான். மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊரில் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். என் மகள் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியது அவன்தான், தன் வேகத்துக்கு ஏற்றபடி ஒரு கோடை விடுமுறை முழுக்க.

ஜம்பர் என்று ஒரு பொருளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு முனையிலும் கிளிப் வைத்த முழ நீளக் கம்பி, அவ்வளவுதான். லிஃப்டின் கதவு சரியாக மூடினால்தான் வண்டி நகரும். பழுது பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக மேலே மெஷின் ரூம் பெட்டிக்குள் இந்தக் கம்பியை மாட்டி, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்ப வைப்பார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிப் போய்விடும். அது தெரியாமல் காலை வைப்பவர் குழியில் விழுவார். அந்தத் தொழிலில் குடித்துவிட்டு வருபவனைக் கூட மன்னிப்பார்கள். ஜம்பரை மறந்தவனை மன்னிக்க மாட்டார்கள்.

நிலைமை கெட ஆரம்பித்தது எங்கள் தெருமுனையிலேயே தெரிந்தது. கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் நாலாவது தளத்தோடு நின்றது. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தன. புதுக் கட்டடம் இல்லையென்றால் புது லிஃப்ட் இல்லை. இருக்கிற கட்டடங்களிலும் பராமரிப்பு ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள். "படியேறினா உடம்புக்கு நல்லதாம். ஆறாவது மாடிப் பாட்டியம்மாகிட்ட சங்கச் செயலாளர் சொல்றார், அவர் இருக்கிறது தரைத்தளம்" என்று என் கணவர் ஒருநாள் சிரித்தார். அதன் பிறகு அவர் வேலையைப் பற்றிச் சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

கம்பெனி ஜோடி முறையை எடுத்துவிட்டது. இனி ஒவ்வொருவரும் தனியாகத்தான் போக வேண்டும். அதாவது ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் வீட்டுக்கு. மேனேஜர் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலில் மின்னல், பிறகு என் கணவர்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கருவிப் பை இல்லாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு தோள் தாழ்ந்தே இருந்தது. குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"ஆள் குறைப்பு."

"மின்னலுக்கு?"

"அவன் இருக்கான்."

"அதுவரைக்கும் நல்லது. ஒருத்தனாவது உள்ள இருந்தா நாளைக்கு நமக்கு ஒரு பிடிமானம்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

நான் மருந்துக்கடையில் காலை வேளையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். அந்த வேலையை முழு நாளாக மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். அவர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஊரில் இருந்த லிஃப்ட் கம்பெனிகளே கொஞ்சம்தான். எல்லா இடத்திலும் நன்றாகப் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். "முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பிறகு மோட்டார் காயில் சுற்றும் கடைகள், குளிர்பதனக் கிடங்குகள், தண்ணீர்ப் பம்ப் விற்பவர்கள் என்று இறங்கி இறங்கிப் போனார்.

"அப்பா, பேசாம உங்க சட்டையை மட்டும் அனுப்பி வையுங்க. அதுதான் வேலைக்குத் தயாரா இருக்கு" என்றாள் மகள்.

"அது போய்ட்டு வந்தா எனக்குப் போட்டுக்க வேற சட்டை இல்லையேம்மா" என்றார் அவர்.

மின்னல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். முன்பெல்லாம் கையை வீசிக்கொண்டு வருபவன், இப்போது பழம், பிஸ்கட் என்று பை நிறைய வாங்கிவந்தான். "அண்ணே, நிலைமை கொஞ்சம் தெளியட்டும். முதல் ஆளா உங்களைத்தான் உள்ள இழுப்பேன். மேனேஜர் இப்ப என் பேச்சைக் கேக்குறார்" என்பான். நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பேன். எங்களுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அவனுக்குக் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். வேலையில்லாத மனிதர், பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிடைத்தது வாட்ச்மேன் வேலை. அவர் பல தடவை பழுது பார்த்த அதே மாதிரி லிஃப்ட் இருக்கும் ஒரு குடியிருப்பு. நீலச் சட்டை கொடுத்தார்கள், தோளில் தொங்கியது. நாற்காலியை லிஃப்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். "அதுக்கு முட்டி வலி. மூணாவது மாடி தாண்டும்போது முனகுது பாரு" என்று எனக்கு மட்டும் சொல்வார். லிஃப்ட் நின்றுபோனால் வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து அவரிடம் சத்தம் போடுவார்கள். "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க சார்" என்பார். வாட்ச்மேன் தொட்டுவிட்டால் நாளைக்கு ஏதாவது ஆனபோது அவர் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். அந்த லிஃப்டைப் பார்க்க மின்னல் வந்து நின்றான். தனியாக, பையும் கையுமாக. எங்கள் இருவரையும் பார்த்ததும் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"அண்ணே... நீங்க இங்கதான் இருக்கீங்களா?"

"பின்ன, சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருக்கேனா?"

மின்னல் சிரித்தான். கொஞ்ச நேரம் குழிக்கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அண்ணே, ஒரே ஒரு உதவி. மேல போய் நில்லுங்களேன். தனியா இறங்கவே பயமா இருக்கு. கம்பெனிக்காரனுங்க மனுஷங்களே இல்லைண்ணே" என்றான்.

என் கணவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு மேலே போனார்.

"நிறுத்திட்டேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. எத்தனையோ வருடம் நான் கதையாக மட்டுமே கேட்டிருந்த அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஆனால் மின்னல் இறங்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்டா."

ஒரு காலை ஏணியில் வைத்தான். எடுத்துவிட்டான். நெற்றியில் வேர்வை.

"அண்ணே, நிஜமா?"

மேலிருந்து உடனே பதில் வரவில்லை. பிறகு, "இறங்குடா" என்று மட்டும் வந்தது.

"என்ன மின்னல், உங்க அண்ணன் மேல இன்னிக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவன் சிரிக்க முயன்றான், முகம் கோணிக்கொண்டது. ஒருவழியாக இறங்கி, வேலையை அரைகுறையாக முடித்து, வெளியே வந்து, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனான். இவன் எப்போதிலிருந்து வேகமானான் என்று அப்போது நினைத்தேன்.

அது ஏன் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது மருந்துக்கடையில் வைத்து.

இருமல் மருந்து வாங்க அடிக்கடி ஒருவர் வருவார். வேறொரு லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ஒருநாள் துணிந்து, "சார், என் வீட்டுக்காரரும் உங்க தொழில்தான். உங்ககிட்டயும் வந்து கேட்டிருப்பார்" என்று விவரம் சொன்னேன். அவருக்கு உடனே ஆள் புரிந்துவிட்டது. மருந்துப் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நல்ல மனுஷன், கைவேலையும் சுத்தம். ஆனா ஜம்பரை மறந்து விட்டுட்டு, அதை மறைச்சும் இருக்கார். அவங்க மேனேஜரே போன்ல சொன்னார். அப்புறம் எந்தக் கம்பெனி எடுக்கும், சொல்லுங்க?"

அவர் போன பிறகு யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள், நான் வேறெதையோ எடுத்துக் கொடுத்தேன், கடைக்காரர் பிடுங்கி வைத்தார்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் கூப்பிட்டேன்.

"ஜம்பரை மறந்தீங்களா?"

அவர் மணையில் உட்கார்ந்தார். "யார் சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான் மறக்கலை. அவன் மறந்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை. அன்று மின்னலுக்குக் கால் பிசகியிருந்தது, ஏணியில் இறங்க முடியவில்லை. "நீ மேல நில்லு, நான் இறங்குறேன்" என்று இவர் இடம் மாற்றிக்கொண்டார். அதற்கு முன்பு ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை. மேலே மின்னல் ஜம்பரை மாட்டினான், வேலை முடிந்ததும் கழற்ற மறந்து பெட்டியை மூடிவிட்டான். மறுநாள் காலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் லிஃப்டுக்குள் கால் வைக்கப் போகும்போது, கதவு திறந்தபடியே அது மேலே போய்விட்டது. அந்தக் கட்டட வாட்ச்மேன் தோளைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். அந்த வாட்ச்மேன் கம்பெனிக்குச் சொல்லாமல் இவருக்குப் போன் செய்தார். இவர் ஓடிப்போய்க் கம்பியைக் கழற்றினார். பிறகு மருத்துவமனையிலிருந்து புகார் போய்க் கம்பெனியில் கேட்டபோது, கதவுப் பூட்டில் தூசி என்று சொல்லிவிட்டார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அவன் என் ஜோடிடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஆள் குறைக்கிறப்ப மேனேஜர் அவனை உள்ள கூப்பிட்டு, உன் ஜோடியைப் பத்தி ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கார். இவன் அந்த ஜம்பர் கதையைச் சொல்லியிருக்கான், என் பேரைப் போட்டு. மேல நிக்கிறது எப்பவும் நான்தானே. யார் சந்தேகப்படுவா?"

"நீங்க மறுக்கலையா?"

"தூசின்னு பொய் சொன்னது நான். இப்ப அவன்தான்னு சொன்னா யார் நம்புவா? நம்பினாலும் ரெண்டு பேரும் வெளிய."

நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அவன்தான் சொன்னான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. மேனேஜர் ரூம்லயே."

அன்றிலிருந்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை! நான் அவனுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதை எல்லாம் இந்த மனிதர் தலை குனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ அவனைச் சும்மா விடுவியா? சட்டையைப் பிடிப்பே, நாலு பேர் பார்க்கக் கத்துவே. அதோட முடிஞ்சிடும். அவனுக்கும் மனசு லேசாகிடும். இப்ப அப்படியில்லை. உறுத்திக்கிட்டே இருக்கு அவனுக்கு. உறுத்துற வரைக்கும்தான் எனக்கு வேலை தேடுவான். இந்தத் தொழில்ல இப்ப எனக்காகப் பேச அவனை விட்டா யார் இருக்கா?"

அவர் இதை ரொம்ப யோசித்து வைத்திருந்தார். ஒருவன் கழுத்தை அறுத்தான், மற்றவர் அதை என்னிடம் மறைத்தார். அவன் மேலே, இவர் கீழே. இருவருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாமல் நான் கரண்டியோடு நின்றிருக்கிறேன். அன்று அவரிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மின்னல் வந்தபோது தண்ணீர் மட்டும் கொண்டுபோய் வைத்தேன். அவன் குடித்துவிட்டு, "வர்றேன் அண்ணி" என்று எழுந்துவிட்டான். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கணவர் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது, "நல்லா தூங்கு, உனக்குச் சம்பளம் அதுக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாராம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மனிதர் பிறகு என் முன்னால் அழுதார். அவருக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

அடக்கத்துக்குப் பழைய கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் நின்று ஒருவர் இன்னொருவரிடம், "தங்கமான ஆளு. ஒரே ஒரு கம்பியை மறந்தார், வாழ்க்கையே போச்சு" என்றார். என் மகள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது அது அவள் காதில் விழுந்தது.

எல்லாரும் போன பிறகு கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"இது அப்பா உன்கிட்ட சொன்னதுதானே?"

"ஆமா."

"அப்பா வேற எப்படிச் சொல்வார்மா?"

"என்னடி பேசுற?"

"நான் அப்பாவைக் குறை சொல்லலை. ஆனா அந்தக் குழந்தையும் அம்மாவும்... கண்ணை மூடினா அதுதான் வருது. சித்தப்பா அப்படிப் பண்ணுவாரான்னும் தோணுது. எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெற்ற மகளே அவரைச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. வேலைதான் திரும்பி வரவில்லை. அவர் பெயரையாவது இவள் முன்னால் மீட்டுவிட வேண்டும் என்ற ஒன்றே ஒன்றுதான் அதற்குப் பிறகு எனக்கு இருந்தது.

மின்னலை வரச் சொன்னேன். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"எல்லாம் தெரியும் எனக்கு. மேனேஜர் முன்னால வந்து உண்மையைச் சொல்லு. என் மக கேக்கணும்."

"அண்ணி... போன மனுஷனுக்கு இனி அதனால என்ன?"

"இருக்கிற மனுஷங்களுக்கு இருக்கு."

"என் வேலை போயிடும் அண்ணி. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

"நீ சொன்னா உன் வாயால போகும். வரலைன்னா நான் போய்ச் சொல்வேன். எது மரியாதைன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

வந்தான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மேனேஜர் எங்களை உட்கார வைத்து, வருத்தம் தெரிவித்து, டீ வரவழைத்தார். மின்னல் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, இடம் மாற்றிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் கழுத்து நனைந்திருந்தது.

மேனேஜர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

மின்னல் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான்.

"நாங்க போய் விசாரிச்சப்பவே அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொல்லிட்டார், அன்னிக்கு மேல போனது யாருன்னு. அவர்தானே மெஷின் ரூம் கதவைத் திறந்து விட்டவர்."

"அப்புறம் ஏன் சார் எங்க அப்பாவை...?" என் மகளின் குரல் நடுங்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"உங்க அப்பா சீனியர்மா. சீனியர் சம்பளம் கொடுத்து வச்சுக்க எங்களால முடியலை. காரணம் இல்லாம அனுப்பினா தொழிற்சங்கம் வந்து நிக்கும். ஒரு காரணம் வேணும், அதை யாராவது வாயால சொல்லணும். இவர் சொன்னார்."

"மத்த கம்பெனிக்காரங்க போன் பண்ணிக் கேட்டப்பவும் அதையே சொன்னீங்களா?"

"வேற எதைச் சொல்றது? காரணம்னு ஒண்ணு சொன்னா எல்லா இடத்துலயும் அதையேதான் சொல்லணும்."

"இப்ப அவங்க எல்லாருக்கும் போன் பண்ணி மாத்திச் சொல்லுங்க."

"அவர்தான் இல்லையேம்மா" என்றார் மேனேஜர், இரக்கத்தோடுதான். பிறகு மின்னலைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பாருப்பா. மத்தியானம் ரெண்டு இடம் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். மின்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளியே படிக்கட்டில் வைத்து அவன் எங்கள் பின்னால் ஓடிவந்தான். மூச்சு வாங்கினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு.

"கேட்டீங்களா அண்ணி? நான் சொல்லலைன்னாலும் அண்ணனைத்தான் அனுப்பியிருப்பாங்க. முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. நான்தான் இத்தனை நாளா என்னாலதான்னு..."

அவன் மனசு லேசாவதை நான் கண்ணால் பார்த்தேன். என் கணவர் எதற்கு அத்தனை பயந்தாரோ அது என் முன்னால், பட்டப்பகலில், நான் ஏற்பாடு செய்த இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.

"அனுப்பியிருப்பாங்க. ஆனா வெறும் ஆள் குறைப்புன்னு அனுப்பியிருப்பாங்க. அடுத்த கம்பெனியில அடுத்த மாசமே அவர் மேல நின்னிருப்பார். அவரை வாட்ச்மேன் நாற்காலியில உட்கார வச்சது அவங்க இல்லை, நீ."

அவன் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். என் மகள் இரண்டு படி கீழே நின்று அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

"நான் என்ன பண்ணணும் அண்ணி? சொல்லுங்க, பண்றேன்."

"அவர் ஏறி இறங்கின ஒவ்வொரு கம்பெனிக்கும் போ. அந்த ஜம்பர் என்னோடதுன்னு சொல்லு."

"போறேன்."

"உன் வாயால."

"சத்தியமா போறேன் அண்ணி. இந்த வாரமே."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மகள் பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்பாவைச் சந்தேகப்பட்டதற்காக அழுதாள். அவ்வளவாவது எனக்குக் கிடைத்தது.

மழை போய், வெயில் வந்தது. தெருமுனைக் கட்டடத்தில் மறுபடி சாரம் கட்டி, ஆட்கள் ஏறினார்கள். ஒரு காலை மருந்துக்கடையில் அந்த இருமல்காரர் வந்து நின்றார். வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிப் போட்டிருந்தார்களாம், இப்போதுதான் திரும்பினாராம். இருமலும் கூடவே திரும்பியிருந்தது.

"சார், உங்க ஆபீசுக்கு மின்னல்னு ஒருத்தர் வந்தாரா? எங்க வீட்டுக்காரரோட வேலை பார்த்தவர். உங்க ஆளுங்க யார்கிட்டயாவது ஏதாவது சொன்னாரா?"

"மின்னலா? இல்லையேம்மா. வந்த அன்னிக்கே பழைய விஷயமெல்லாம் கேட்டேன், அப்படி யாரும் வந்ததாச் சொல்லலை."

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கொஞ்ச நேரம் கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சீட்டோடு காத்திருந்தார்கள். அவர்களும் கேட்கும்படியாகவே சொன்னேன். அந்த ஜம்பரை மாட்டியது யார், மறந்தது யார், மேலே நின்றது யார், மேனேஜருக்கு எப்போதிலிருந்து தெரியும், எல்லாம்.

அவர் பாட்டிலை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகம் மாறியது.

"அடப் பாவிகளா. எங்களுக்கு இது தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா அப்பவே எடுத்திருப்பேன்மா." கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்லை, ஒண்ணும் கெட்டுப்போகலை. இப்ப வேலை குவிஞ்சு கிடக்கு. அனுபவசாலி ஒருத்தர் அவசரமா வேணும். நாளைக்கே அவரை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

"போன மழைக்காலத்துல அவர் இறந்துட்டார் சார்" என்றேன்.

அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருந்தவர், "கொஞ்சம் நகருங்க சார், எனக்கும் வேலைக்குப் போகணும்" என்றார்.